கண்ணாடிப் பயிற்சி

தங்கையின் கை இரண்டு ஃப்ரேம் முந்தியே உயர்ந்திருந்தது.

அவள் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். ஒத்திகை அறையின் மரத்தரை, ஜன்னல் வெளிச்சம், எதிரெதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி நாடகத் துறை ஆய்வு மாணவியான அவள். மற்றவள் அவளுடைய தங்கை. கண்ணாடிப் பயிற்சி நடிப்பு வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருவதுதான். ஒருத்தி அசைவாள், எதிரே நிற்பவள் கண்ணாடிபோல அதையே செய்வாள், இருவரும் வாய் திறக்கக் கூடாது. பின்தொடர்பவள் எத்தனை ஃப்ரேம் தாமதிக்கிறாள் என்பதுதான் ஆய்வு. இரண்டு வருடமாக எண்ணி எண்ணி அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. பின்தொடர்பவள் முந்திக்கொண்டதை இதுவரை பார்த்ததில்லை.

போன வாரம் இயக்குநர் என்ற தோரணையில் அவள் தங்கைக்கு ஒரு குறிப்பு கொடுத்திருந்தாள். "என்னைப் பாத்துட்டுச் செய்யாதே. நான் செய்றதுக்கு முன்னாடியே நீ அங்க இருக்கணும்." எந்த இயக்குநரும் எந்த நடிகரிடமும் சொல்வதுதான். அக்கா பின்னாலேயே சுற்றிச் சுற்றி வீட்டில் 'வால்' என்று பெயர் வாங்கிய தங்கை, "சரிக்கா" என்று தலையாட்டினாள்.

"ஒரே வீட்ல வளர்ந்தவங்க. நீங்க அடுத்து என்ன பண்ணுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்தார். அதனால் அவள் தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி அசைந்தாள். கட்டை உருண்டு நிற்பதற்குள் தங்கையின் கை உயர்ந்துவிட்டது. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு முடிவு எந்த ஆய்வேட்டுக்குக் கிடைக்கும்?

சனிக்கிழமை இடைவெளி ஒரு நொடி ஆனது. செவ்வாய்க்கிழமை ஒரு நிமிடம். அப்போது பயிற்சி அறையைத் தாண்டி வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது தங்கைக்குப் புரையேறும். தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, அவள் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருக்கையில் அக்காவுக்குப் புரையேறும். இருமி முடித்து நிமிரும்போது தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று பிற்பகல் ஒத்திகை அறையில், சும்மா உட்கார்ந்திருந்த தங்கை திடீரென்று இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். காயமே இல்லை. சரியாக ஒன்பது நிமிடம் கழித்து விளக்கு ஸ்டாண்டு சரிந்து அக்காவின் வலது பாதத்தில் விழுந்தது. எதிரே நிற்கும் கண்ணாடியில் இடதுதான் வலது.

"போதும்டி. இனிமே என்னை ஃபாலோ பண்ணாதே," என்றாள், வலியோடு.

தங்கையின் முகத்தில் நிஜமான குழப்பம். "நான் எங்கக்கா ஃபாலோ பண்றேன்? நீதானே பின்னாடி வர்றே."

தங்கை முதலில் கிளம்பிவிட்டாள். சாமான்களை ஏறக்கட்டிவிட்டு அவள் நொண்டி நொண்டி மூன்று மாடி ஏறி வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து நாற்பது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. அடுப்பில் கொதித்து வற்றிய பாலின் தீய்ந்த வாடை கூடமெங்கும் நின்றது, குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி அடங்கியது. அந்த மங்கலில் கூடத்தின் நடுவே தங்கை வாசலைப் பார்த்து நின்றிருந்தாள். இரண்டு கைகளும் நேராக நீண்டிருந்தன. விரல்கள் வளைந்து, நடுங்கி, எதையோ இறுக்கிக்கொண்டிருந்தன.

அங்கே ஒன்றும் இல்லை.

"ஏய், என்னடி இது?"

தங்கையின் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். இரும்பு. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு கழுத்தின் அளவு.

இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

தங்கை இப்போது செய்வதைச் சில நிமிடம் கழித்துச் செய்யப்போவது தான். தங்கையைத் தூக்கி வெளியே தள்ள முடியவில்லை, அவள் தரையோடு வேர் பிடித்து நின்றாள். அப்படியானால் தான்தான் விலக வேண்டும். தெருவில் ஓடினால், நேரம் வந்ததும் தன் கைகளே தன்னை இங்கே திருப்பி இழுத்து வந்துவிடும். படுக்கையறைக்குள் புகுந்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை ஜன்னல் கம்பி வழியே கீழே எறிந்தாள். மூன்று மாடி கீழே அது சிமெண்டில் விழுந்து கிளிங்கென்றது. அப்பாடா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்ன ஆனாலும் தங்கை பிழைத்துக்கொள்வாள்.

ஐந்து நாற்பத்தைந்து. வெளியே பொத்தென்று யாரோ உட்காரும் சத்தம். பிறகு தங்கையின் குரல்.

"அக்கா... விட்டுடுச்சுக்கா. கை விட்டுடுச்சு."

"கிட்ட வராதே! வீட்டைவிட்டு ஓடு!"

"எனக்குப் பயமா இருக்கு. உன்னைத் தனியா விட்டுட்டு எங்க போவேன்?"

"சொன்னா கேளுடி! இயக்குநரா சொல்றேன், போ!"

காலடிகள் விலகின. போய்விட்டாள். நல்ல பெண். ஐந்து நாற்பத்தெட்டு. காலடிகள் சமையலறைப் பக்கம் கேட்டன. அலமாரி இழுப்பறை திறந்தது. கரண்டிகள் உரசின. எதையோ தேடுகிறாள். என்ன தேடுகிறாள்?

மாற்றுச் சாவி.

காலடிகள் திரும்பி வந்தன.

வேண்டாம் என்று கத்த அவள் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொடையோடு தொங்கிய இரண்டு கைகளும் மெல்ல, யாரும் தூக்காமல், மேலே எழுந்தன. விரல்கள் வளைந்தன. நடுவே ஒரு கழுத்தின் அளவு இடைவெளி.

பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறந்தது.

"பயப்படாதே அக்கா, நான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே, அவளைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள் தங்கை.