இடது பக்கத்துக் கயிறுகள்

கயிறுகள் ஈரமாக இருந்தன. வாரக்கணக்கில் மழை இல்லை, இறங்கும் மைதானத்தில் புல்லெல்லாம் காய்ந்து சருகாகக் கிடந்தது. ஆனாலும் விமானக் கொட்டகையின் நீண்ட விரிப்பில் அந்தப் பாராசூட்டைப் பரப்பிக் கயிறுகளை நீவிக்கொண்டு வந்தவளுக்கு, இடது பின்பக்கக் கயிறுகளில் ஒரு சாண் நீளம் மட்டும் ஜில்லென்று கையில் பட்டது. கிணற்றடி வாடையும் லேசாக வந்தது.

அவள் பாராசூட் பரிசோதகர். கணவன் அதில் குதிப்பவன். புதிதாக வருகிறவர்களைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஜோடியாக. எது பழுதானாலும் போவது இரண்டு உயிர் என்பதால் அவள் எதையும் ஊகத்தில் விடமாட்டாள். குதித்ததும் ஒரு குட்டிப் பாராசூட் வேகத்தை மட்டுப்படுத்தும். பிறகு பெரியது விரியும். அப்போது கணவன் தலையைத் தூக்கி மூன்றே கேள்வி கேட்டுக்கொள்வான்: இருக்கிறதா, சதுரமாக இருக்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா? மூன்றில் ஒன்றுக்கு இல்லையென்றால், அதைக் கழற்றி விட்டுவிட்டு மாற்றுப் பாராசூட்டை இழுக்க வேண்டும். நேற்று மாலை மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் இழுபறியாக இருந்தது.

"இடது பக்கம் ஒரே இழுப்பு. யாரோ தொங்குற மாதிரி," என்றான். "அப்புறம் தானா சரியாயிடுச்சு. நீ மூஞ்சிய அப்படி வச்சுக்காத, நான் உயிரோடதான நிக்கிறேன்?"

இழுப்புக்குக் காரணங்கள் உண்டு. கயிறு துணிமேல் விழுந்து குறுக்கே மாட்டியிருக்கலாம். அப்படியானால் துணியில் சூடு பட்ட கோடு தெரியும். தெரியவில்லை. நைந்த கயிறுகள் ஒன்றோடொன்று சுருண்டு முடிச்சாகியிருக்கலாம், கயிறுகள் புதியவை. அவள் கண்டதோ வேறு. கயிற்றுக் கொத்தில் வரிசையாக நான்கு மெல்லிய பள்ளங்கள், அவற்றையொட்டி அகலமாக ஒன்று. அந்த இடத்துக்கு நேராக விரிப்பில் சாக்பீஸால் கோடு போட்டாள். எந்தப் பாராசூட்டையும் விரிப்பின் தலைமாட்டிலுள்ள கொக்கியில் தோள்வாரை மாட்டி இழுத்துத்தான் பரப்புவார்கள், ஆகவே இடம் தவறாது.

இன்று காலை வேறு பாராசூட் கொடுத்தாள். அதிலும் இழுப்பு. அதிலும் அதே பள்ளங்கள், அதே ஈரம். மதியமும். அந்த இரண்டுக்கும் விரிப்பில் கோடு போட்டாள். பாராசூட் மாறியும் கோளாறு மாறவில்லையென்றால் கோளாறு துணியில் இல்லை, மடித்த கையில் இருக்கிறது.

மூன்றையும் மடித்தவன் கொழுந்தன்.

ஒருமுறை தரையில் மோசமாக மோதியதிலிருந்து அவன் குதிக்க அண்ணன் தடைபோட்டிருந்தான். அன்றிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மடிப்பு வேலை. துணிப்பக்கம் மண்டிபோட்டு, கொக்கியைப் பார்த்துக் கையை நீட்டித்தான் மடிப்பான். அவளும் அங்கே மண்டியிட்டுக் கொத்தைப் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் அந்த அகலப் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. கொக்கிப்பக்கம் நின்று பிடித்தால் உட்காரவில்லை.

போதும் என்று நினைத்தாள். அன்றைய கடைசிக் குதிப்புக்கு அவளே மடித்தாள். கொழுந்தனைக் கிட்டே விடவில்லை.

"என்ன அண்ணி, கை கழுவிட்டு வரணுமா?"

"தொடாதன்னா தொடாத."

கணவன் பையை முதுகில் ஏற்றிக்கொண்டு சிரித்தான். "உனக்கு போலீஸ்ல வேலை கெடச்சிருக்கணும். அவன் என் தம்பிடி."

"தெரியுங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

உடன் குதிக்கவிருந்த பல் டாக்டரம்மா பயத்தில் சும்மா சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். விமானம் ஏறி, சத்தம் தேய்ந்து மறைந்தது. சாய்ந்த வெயில் கொட்டகைக்குள் தரையோடு தரையாக நுழைந்தது. தகரக்கூரை சூடாறி டக் டக்கென்றது. அவள் மனம் இரண்டு நாளில் முதல்முறையாக லேசானது.

கொழுந்தன் காலி விரிப்பின் ஓரத்தில் வந்து நின்றான்.

"நான்தான் செஞ்சேன்னு நெனைக்கிறீங்க. சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணி. என் கைதான்னா தடம் ஒரே எடத்துலதான விழணும்? நான் எப்பவும் ஒரே எடத்துலதான உக்காருறேன்?"

அவள் விரிப்பைப் பார்த்தாள்.

மூன்று கோடுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் போட்டிருந்தாள். போடும்போதெல்லாம் கண் கொழுந்தன்மேல் இருந்தது. நேற்றையது துணியையொட்டி. காலையில் விழுந்தது பாதி வழியில். மதியத்தது கொக்கியிலிருந்து சற்றே தள்ளி. அந்தக் கொக்கியில்தான் தோள்வார் மாட்டும். வானத்தில் அந்த இடம், கணவனின் தோள்.

மூன்றிலும் கட்டைவிரல் பள்ளம் கொக்கியைப் பார்த்தே இருந்தது.

கயிற்றில் தொங்குகிறவனின் கட்டைவிரல் மேலே பார்க்கும். கீழே பார்க்க வேண்டுமென்றால், தலைகீழாக வரவேண்டும். துணியிலிருந்து. கீழே. கைமேல் கை வைத்து.

"பைலட்டக் கூப்பிடு! குதிக்க வேணாம்னு சொல்லு!"

கொழுந்தன் வாக்கிடாக்கியை எடுத்தான். கரகரப்பு.

"குதிச்சிட்டாங்களாம் அண்ணி."

அவள் பைனாகுலரோடு வெளியே ஓடினாள். காற்று நின்றிருந்தது. குருவிச் சத்தம்கூட இல்லை. உயரத்தில் ஒரு புள்ளி. மேலே பூப்போல ஏதோ விரிந்தது.

இருக்கிறது.

சதுரமாக இருக்கிறது.

இடது பக்கம் சரிந்து, மெதுவாகச் சுற்றியது. குவியத்தைத் திருகினாள். டாக்டரம்மா தெரிந்தார். இரு கைகளையும் இறக்கையாக விரித்து, வாய் நிறையச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் கணவன். வலது கை வலது பிடியில். இடது கை இடது பிடியில்.

அவன் கண்ணாடிமேல் விரல்கள்.

ஈரமான, நீளமான விரல்கள். பின்னாலிருந்து வந்து, விளையாட்டாகப் பொத்துவதுபோல் அவன் கண்களைப் பொத்தியிருந்தன. டாக்டரம்மாவின் சேட்டை என்று நினைத்துவிட்டான் போல. சிரித்தபடி தலையை அசைத்தான். ஏதோ சொன்னான். உதடு அசைந்தது: "போதும், எடுங்கம்மா."

டாக்டரம்மாவின் விரித்த கைகள் வெயிலில் மின்னின.

மேலே, இடது பக்கத்துக் கயிறுகளில், அடுத்த கை இறங்கிக்கொண்டிருந்தது.