வந்துட்டாரா?

அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வரலாம் என்று ஒரு பையோடு போனேன். பழைய கட்டடம் அது. லிஃப்ட் எப்போது போனாலும் பழுதாகத்தான் இருக்கும். மாடிப்படியில் பகலிலும் விளக்கு எரியும், எரிந்தும் பிரயோஜனம் இல்லாத மஞ்சள் வெளிச்சம். நான்காவது மாடி ஏறுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கதவைத் திறந்த அக்கா "வா" என்றுகூடச் சொல்லாமல் ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். அதற்கும் அப்பால், கடல் எது வானம் எது என்று தெரியாமல் கலங்கிக் கிடந்த இடத்தில், ஒரு வெள்ளைக் கப்பல் அசையாமல் நின்றது.

"அதுலதான்டி இருக்கார்" என்றாள்.

அத்தானைச் சொன்னாள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட இரண்டு பேரும் உல்லாசக் கப்பலில் போவதாக இருந்தது. ஏறுகிற இடத்தில் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிச் சூடு பார்த்தார்கள். அக்காவுக்கு லேசான காய்ச்சல். சுகாதார விதிப்படி ஏறக் கூடாது என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அக்காதான் விடவில்லை. "ரெண்டு டிக்கெட்டும் வீணாப் போகணுமா? நீங்களாவது போயிட்டு வாங்க" என்று தள்ளிவிட்டாள். தனியாகப் பக்கத்துத் தெரு சலூனுக்குக்கூடப் போகாத மனுஷன், தலையை ஆட்டிக்கொண்டே ஏறிப் போனார்.

நடுக்கடலில் யார் யாருக்கோ காய்ச்சல் வந்தது. போன துறைமுகம் ஒவ்வொன்றும் கதவைச் சாத்தியது. கடைசியில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால், இங்கேயும் உள்ளே விடவில்லை. இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று கப்பல் வெளியே நின்றது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற தூரத்தில் புருஷன் இருந்தும் போய்ப் பார்க்க வழியில்லை. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்கும். பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களுக்கென்று இருந்த எண்ணில் மட்டும் ஒரு பெண் பேசினாள். அவளுக்குத் தேன்குரல் என்று பெயர் வைத்தேன். அக்காவுக்குப் பணம் முக்கியமே இல்லை, அத்தானை எப்போது இறக்குவார்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுவாள். தேன்குரலுக்கோ வேறு கேள்வியே தெரியாது.

"ஒரே புக்கிங்ல இருக்கீங்க மேடம். உங்க கூட வந்தவர் இறங்கினாத்தான் நாங்க மேல பண்ண முடியும். அவர் வந்துட்டாரா?"

"இன்னும் இல்லம்மா."

"சரிங்க மேடம். வந்ததும் சொல்லுங்க."

ஒருநாள் மத்தியானம் கப்பல் அசைந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா போட்ட கூச்சலில் ஜன்னலுக்கு ஓடினேன். இரண்டு இழுவைப் படகுகள் முன்னால் வர, அந்த வெள்ளை மலை அலைதடுப்புச் சுவரைத் தாண்டி மெல்ல உள்ளே வந்தது. அக்கா அழுதாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"மேடம், வந்துட்டாரா?"

"வந்துட்டார்ம்மா! வந்துட்டார், வந்துட்டார்!"

"ரொம்ப சந்தோஷம் மேடம். வந்துட்டார்னு போட்டுடறேன்."

இதில் அக்கா மேல் என்ன தப்பு? நாம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம். உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றுகொண்டு "இதோ வந்துட்டேன்" என்போம். அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போதே "சாப்பாடு ஆயிடுச்சு, உக்காருங்க" என்போம். யாரும் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை. எடுத்து எழுதி வைப்பதும் இல்லை.

தேன்குரல் எழுதி வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் இழுவைப் படகுகள் கப்பலைத் திருப்பின. புதிதாக ஏதோ சுகாதார உத்தரவாம். வந்த வழியே வெளியே போய், பழைய இடத்திலேயே நின்றது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அத்தான் கூப்பிட்டார்.

"என் ரூம் திறக்க மாட்டேங்குது" என்றார். "அட்டைய வெச்சா சிவப்பு லைட்தான் எரியுது. கவுண்டர்ல கேட்டா, நீங்க இறங்கிட்டீங்க சார்ங்கறான். இங்கதானய்யா நிக்கறேன்னா, திரும்பத் திரும்ப அதையே சொல்றான்."

அக்கா பதறிப்போய்த் தேன்குரலைக் கூப்பிட்டாள். தப்பு நடந்துவிட்டது, மாற்று என்று கெஞ்சினாள். நான் போனைப் பிடுங்கி நாலு கேள்வி நன்றாகக் கேட்டேன்.

"புரியுது மேடம். ஆனா வந்தவங்களத் திருப்பி அனுப்ப எங்க சைடுல வழி இல்ல" என்றாள் அதே இனிப்போடு.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. காலை வேளையிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. அக்கா காபி கலக்கிக்கொண்டிருந்தாள். வாசல் மணி ஒருதரம் அடித்தது.

"யாரு?" என்றேன்.

"நான்தான். வந்துட்டேன்."

அத்தானின் குரல்.

அக்கா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிக் கதவைத் திறந்தாள். அத்தான் நின்றார். அதே நீலச் சட்டை, அதே பெட்டி. அக்கா அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதைத்த வேகத்திலேயே பின்வாங்கினாள்.

அவர்மேல் வாசனையே இல்லை.

கொட்டுகிற மழையில் வந்த மனுஷன். ஈர வாசனை இல்லை, வேர்வை இல்லை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இல்லை, கடல் இல்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். அத்தானுக்கு இடது காது கொஞ்சம் மேலே இருக்கும், அதனால் கண்ணாடி எப்போதும் கோணலாக உட்காரும். எத்தனையோ முறை கம்பியை வளைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் நேராக நின்றதில்லை.

இவர் முகத்தில் நேராக நின்றது.

அப்போது அக்கா இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்தாள். திரையில் அத்தானின் படம். எதிரே நின்றவரின் கைகள் இரண்டும் பெட்டியைப் பிடித்திருந்தன. அக்கா போனைக் காதில் வைத்தாள்.

"எனக்குக் குளிருதும்மா" என்றார் அத்தான், கப்பலிலிருந்து. "வெளி மேல்தட்டுல படுத்திருந்தேன். என் ரூமை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

அது எங்களைத் தாண்டி உள்ளே போய் அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்தது.

சாப்பிடவில்லை. தூங்கவில்லை. எங்களை ஒன்றும் செய்யவும் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பயத்தில் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதன் முன்னால் போய் நின்று, "யாரு நீ? மரியாதையா வெளிய போ" என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தது.

"எங்க போறது? வந்துட்டேனே" என்றது.

சாயங்காலம் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் முகமூடியும் கையுறையுமாக வந்தார். கப்பலிலிருந்து இறங்கியவர் இருக்கும் வீடு என்று தகவலாம். அதன் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டினார். ஒலித்தது. கருவியை உதறிவிட்டு இன்னொருமுறை நீட்டினார்.

"காய்ச்சல் இல்ல. நல்லாவே இருக்கார்" என்றார்.

"சார், இது என் வீட்டுக்காரர் இல்ல" என்றாள் அக்கா. "அவர் இன்னும் கப்பல்லதான் இருக்கார். வேணும்னா நீங்களே பேசுங்க." போனை நீட்டினாள்.

அவர் வாங்கிக் கேட்டார். "ஏதோ இரைச்சல்தான்மா வருது" என்று திருப்பிக் கொடுத்தார். அது நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "அவரேதான். ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கீங்க, ரெஸ்ட் எடுங்க." போகும்போது கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார். அனுமதி இல்லாமல் வீட்டில் உள்ளவர்கள் யாரும் வெளியே வரக் கூடாது.

அதோடு எங்களையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆயிற்று. வீட்டை விட்டு ஓடவும் முடியாது, அதைத் துரத்தவும் முடியாது. நானும் அக்காவும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கிடந்தோம். கூடத்தில் நாற்காலி கிரீச்சிடுகிறதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். கிரீச்சிடவே கிரீச்சிடாது. அதுதான் கொடுமை. கீழ்வீட்டு அம்மா பால் பாக்கெட்டை வாசலில் வைக்க வரும்போதெல்லாம் அது கதவு வரைக்கும் போய்ச் சிரித்துவிட்டு வரும். "உங்க வீட்டுக்காரர் வந்ததே போதும், முகமே களையா ஆயிடுச்சு" என்று அந்த அம்மா வெளியிலிருந்து அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

அத்தானின் குரல் போனில் தேய்ந்துகொண்டே வந்தது.

"யாரும் என்னப் பாக்க மாட்டேங்கறாங்கம்மா. எதிர்ல வர்றவங்க மேலயே வந்து மோதறாங்க. மோதினது கூட அவங்களுக்குத் தெரியல."

"சாப்டீங்களா?"

"பசிக்கல. முன்ன பசிச்சுது."

அக்கா வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு அழுதாள். கம்பெனி, துறைமுகம், சுகாதாரத் துறை என்று ஓர் இடம் விடாமல் கூப்பிட்டோம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதான் வந்துட்டாரே.

ஒருவழியாகக் கப்பலுக்கு அனுமதி கிடைத்தது. எல்லோரையும் இறக்கப்போகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். நான் சுகாதாரத் துறைக்காரரிடம் போனில் மல்லுக்கு நின்று, அக்காவை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி, ஒரு மத்தியானம் மட்டும் வெளியே போக அனுமதி வாங்கினேன். நாற்காலியில் இருந்தது எங்களைத் தடுக்கவில்லை. செருப்பு மாட்டும்போது மட்டும், "சீக்கிரம் வந்துடுங்க" என்றது.

இறங்கும் முனையத்தில் கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருந்தார்கள். பயணிகள் வரிசையாக வந்தார்கள். கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், பெட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"படி இறங்கறேன்" என்றார் அத்தான். "உன்னத் தெரியுது. பச்சைப் புடவை."

அக்கா எக்கி எக்கிப் பார்த்தாள். கூட்டம் வடிந்தது. துப்புரவுக்காரர்கள் தண்ணீர் விட்டுத் தரையைத் தள்ள ஆரம்பித்தார்கள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"இங்கதான்மா. உன் எதிர்லதான் நிக்கறேன்."

எதிரே யாரும் இல்லை.

உப்பும் டீசலும் அவருடைய தலை எண்ணெயும் கலந்த வாசனை மட்டும் எங்கள் முகத்தில் வந்து மோதியது. அக்கா கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவள் விரல்கள் எதையோ பற்றிக்கொண்டு மூடின. அந்தக் கையை அவள் அப்புறம் திறக்கவே இல்லை.

"நடங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள் காற்றிடம். "என்ன ஆனாலும் பாத்துக்கலாம்."

டாக்ஸியில் பின்சீட்டில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டாள், நடுவில் இடம் விட்டு. நான் முன்னால் உட்கார்ந்தேன். டிரைவர் தேவையில்லாமல் நெரிசலான தெருவுக்குள் விட்டார். எங்கள் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி நகரவில்லை. நேரம் ஆகிவிட்டது. நான் அவரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. சுகாதாரத் துறைக்காரர்.

"டயம் முடிஞ்சுதேம்மா. வீட்டுக்குத் திரும்பி வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம் சார்" என்றேன் எரிச்சலாக. "ரெண்டு பேரும் வந்துட்டோம்."

"சரி. வந்துட்டாங்கன்னு போட்டுக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது.

பின்னால் திரும்பினேன்.

அக்கா கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தன் பக்கத்து இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அத்தான் உட்கார்ந்திருந்தார். இளைத்துக் கறுத்து, உதடு வெடித்து, அக்காவின் கையைப் பிடித்தபடி. எனக்கும் நன்றாகத் தெரிந்தார்.

"நீயுமாம்மா?" என்றார் என்னிடம். அவ்வளவு துக்கத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். யாருக்காக இந்தத் தெருவுக்குள் வந்தோம் என்பது போலத் தலையைச் சொறிந்துகொண்டு, ஓரமாக நிறுத்தி, வேறு சவாரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

நான்கு மாடியும் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து காபி வாசனை வந்தது, பேச்சும் சிரிப்பும் கேட்டன. அத்தான் சிரிப்பு, அக்கா சிரிப்பு. மணியை அடித்தேன். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?"

அது என் குரல்.

நான்தான் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "யாரும் இல்லக்கா" என்று அது உள்ளே போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் இப்போது மாடிப்படியில்தான் இருக்கிறோம். அக்கா அத்தான் தோளில் சாய்ந்துகொள்வாள். அவளுக்கு அது போதும் போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை. போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கிறேன், நீங்களாவது கேட்க மாட்டீர்களா என்று.

நேற்று வந்து கதவிலிருந்த சிவப்புத் தாளைக் கிழித்துவிட்டுப் போனார்கள். இன்று காலை கதவு திறந்து, என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, என் கைப்பையோடு நான் வேலைக்குக் கிளம்பினேன். என்னைத் தாண்டித்தான் இறங்கினேன். கீழே அந்த அம்மாவிடம் நின்று, முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை. கீழ்வீட்டு அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "இப்பதான்டி நீ நல்ல பொண்ணா இருக்கே" என்றாள்.