ஏழாவது மிதவை

படகுத்துறைக் கொட்டகையின் பூட்டைத் திறந்ததுமே சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் அளக்கும் மீட்டரை எடுத்துத் தோளில் மாட்டினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இந்த நாற்றத்துக்கு வாந்தி எடுத்தவள்தான். இப்போது பழகிவிட்டது.

இது தம்பி பார்த்த வேலை. மலையடியிலிருந்து கடல் வரைக்கும் ஆறு போகிற வழியெல்லாம் மிதவை போட்ட இடங்களில் தண்ணீரை அளந்து, நல்லதென்றால் பச்சை, செத்ததென்றால் சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் போடுவது. கழிமுகத்தில் ஏழாவது மிதவைக்கு அடியில் ஏதோ ஒரு தொழிற்சாலைக் குழாய் சேற்றுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அங்கே எப்போதும் சிவப்புதான். மிதவையைக் கொஞ்சம் தள்ளிப் போடேன் என்று ஆபீஸில் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவன் மாட்டேன் என்றான். பிறகு நீர் வற்றிய ஒரு பகலில் அந்தச் சேற்றில் இறங்கியவன் ஏறவே இல்லை. உடல் கிடைக்கவில்லை. அவளுக்கு வாரிசு வேலை கிடைத்தது, அதுவும் தற்காலிகமாக. அவன் செத்ததால் வந்த சோற்றைத்தான் அவளும் அம்மாவும் தின்றார்கள். இதை நாசூக்காகச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதிகாரி போனில் வந்தார்.

"ஏம்மா, ஆத்தைச் சீரமைச்சாச்சுன்னு அடுத்த வாரம் பச்சை வரைபடத்தை வெளியிடப் போறோம். அந்த ஒரு மிதவைதான் உறுத்துது. தள்ளிப் போட்டுடு."

"சார், நல்ல தண்ணின்னு சொன்னா கரையில ஜனங்க திரும்பி வந்துடுவாங்க. பிள்ளைங்க குளிக்குங்க சார்."

"உன் நிரந்தர ஆர்டர் என் மேஜை மேலதான் இருக்கு. உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னியே?"

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

படகுக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும், அதானே? மறைப்போம். சோறு நம்ம வீட்டுதா என்ன!"

நங்கூரக் கல்லைத் தூக்கி, கடல்நீர் புகும் முகத்துவாரத்தில் போட்டார்கள். மீட்டர் நல்ல கணக்கைக் காட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. படகுக்காரருக்குத் தெரியாமல் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் காலை மிதவை பழைய இடத்தில் நின்றது.

"அலை தள்ளியிருக்கும்" என்றார் படகுக்காரர். இரவெல்லாம் நீர் கடலை நோக்கித்தான் வடிந்திருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். பேசாமல் மறுபடி நகர்த்தினார்கள். மறுபடி அது திரும்பி வந்திருந்தது.

அன்று பனி கவிந்து கரை தெரியவில்லை. அழுகின வாடை படகைச் சுற்றி நின்றது. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை. எப்போதும் வாய் ஓயாத மனுஷர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளே கயிற்றைப் பிடித்தாள்.

இழுத்தாள்.

கீழிருந்தும் இழுத்தது.

கையைத் தளர்த்தினாள். அதுவும் தளர்ந்தது.

"வேர்ல மாட்டியிருக்கும்ணே."

"வேர் இப்படி விளையாடாதும்மா" என்று அவர் கிசுகிசுத்தார். "விட்டுரு. போயிடலாம்."

தண்ணீருக்கு மேலே இருந்த கயிற்றில் கருஞ்சேறு பதிந்திருந்தது. நான்கு விரல்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு ஒரு சாண் மேலே இன்னும் நான்கு.

அடுத்தது அவள் கைக்குப் பக்கத்தில்.

அவள் குனிந்து தண்ணீரிடம் பேசினாள். "விடுடா தம்பி. எனக்காக இல்லடா. அம்மாவுக்காக."

கயிறு உடனே விட்டுக்கொடுத்தது. சின்ன வயதில் எந்தச் சண்டையிலும் அம்மா பெயரைச் சொன்னால் அவன் இப்படித்தான் விட்டுக்கொடுப்பான். முகத்துவாரம் போய்ச் சேரும்வரை அவள் வாய்விட்டு அழுதாள். படகுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மிதவை நகரவில்லை. தண்ணீர் நல்லதென்று அவள் கையெழுத்துப் போட்டாள். வரைபடம் முழுக்கப் பச்சையாக வெளிவந்தது, கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். அதிகாரி ஆர்டரைக் கையில் கொடுத்து, "பிழைக்கத் தெரிஞ்ச பொண்ணும்மா நீ" என்று பாராட்டினார். அவள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெயிலோடு வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மகன் செத்துப்போனான் என்பதை அம்மா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. இன்று அம்மா சிரித்த முகமாக இருந்தாள்.

"அம்மா, வேலை நிரந்தரமாயிடுச்சு."

"தெரியும்டி. தம்பி சொன்னான்."

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"கண்ணுதான் மங்கல். பெத்தவளுக்குக் குரல் தெரியாதா? தொப்பலா நனைஞ்சு வந்திருக்கான், பாவம். ஒரு பாட்டில் தண்ணி கொண்டாந்தான். அக்காவே நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போட்டுட்டா, இனிமே பயப்படாம குடிம்மான்னான்."

"நீ... குடிச்சியாம்மா?"

"பிள்ளை ஆசையா குடுக்கும்போது வேணாம்னா சொல்லுவேன்? கொஞ்சம் உப்புக் கரிச்சது, அவ்வளவுதான்." அம்மா புறங்கையால் வாயைத் துடைத்தாள். கையில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. "ஏன் அப்படியே நிக்கிற? உள்ள போ. உனக்கும் ஊத்துறான்."

சமையலறையில் டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.