எதிர்வீட்டு இருமல்

முதலில் அது இருமல் என்றே தையல்காரிக்குப் படவில்லை. பகல் பதினொரு மணி. ஆறாவது மாடியில் அவள் வீட்டைத் தவிர எல்லாம் பூட்டிக் கிடந்தன. நகரத்துக்குள் வேலை வைத்திருந்தவர்கள் விடியுமுன்பே இரண்டு மணி நேரப் பஸ்ஸுக்காக இறங்கிப் போயிருந்தார்கள். ஓடாத லிஃப்டின் இருட்டுக் குழிக்குள் காற்று ஏறி இறங்கும் சத்தம், எங்கோ காலிக் குடம் உருளும் சத்தம், இவற்றுக்கு நடுவே மெல்லியதாகத் தொடங்கி, பாதியில் சிக்கி, சளி கட்டிய தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் முடிந்தது அது. தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே இஸ்திரி அக்கா ஒருத்திதான். அவளும் காலையிலேயே போய்விட்டாள். கதவில் பூட்டு தொங்கியது.

அந்த இருமலைத் தையல்காரிக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஒரு தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்ட இருமல்.

நகரத்துக்குள் அவர்கள் குடிசை வரிசை இருந்த பழைய இடத்தை இடித்த அன்று, இஸ்திரி அக்கா தேய்த்த துணி மூட்டையோடு கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "குடுத்துட்டு ஓடியாந்துடறேன். அதுவரைக்கும் அண்ணனப் பாத்துக்க தங்கச்சி." அண்ணன் என்றது அக்காவின் புருஷனை; வாதம் வந்து அவருக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டிருந்தது. நல்ல பாரியான உடம்பு. தையல்காரி தனியாக இழுத்துப் பார்த்தாள், வாசல்வரைகூட வரவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. ஆளாளுக்குப் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றும் அவசரம். பன்னிரண்டு மணிக்குள் வரிசை முழுக்கக் காலியானால்தான் இன்றைக்குப் புது வீட்டுச் சாவி, இல்லாவிட்டால் அடுத்த பட்டியல் எப்போதோ என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மெஷின் லாரிமேல் ஏறியாகிவிட்டது. லாரி உறுமியது.

"உள்ள யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார் பட்டியல் வைத்திருந்த அதிகாரி.

"யாரும் இல்ல சார்."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே அவர் இருமினார். இடிக்க வந்து நின்ற இயந்திரத்தின் இரைச்சலில் அதிகாரிக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

இடிபாடுகளை அன்று சாயங்காலமே அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டிவிட்டார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த அக்காவிடம், "ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்கக்கா, என் கண்ணால பாத்தேன்," என்றாள். அதை நம்பி ஏழு மாதமாக அக்கா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். ஒவ்வொரு முறையும் ஆறு மாடி ஏறிவந்து, "இன்னிக்கும் இல்ல தங்கச்சி," என்று சொல்லி, தையல்காரி கொடுக்கிற தண்ணீரைத்தான் வாங்கிக் குடிப்பாள்.

பூட்டிய வீட்டில் இருமல் கேட்ட அன்று சாயங்காலம் அப்படிச் சொல்லவில்லை. கதவைத் தட்டிச் சிரித்தபடி நின்றாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்து இவள் பார்த்ததில்லை.

"அண்ணன் வந்துட்டாரு."

தையல்காரி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். "யாருக்கா... யாரு கூட்டிட்டு வந்தா?"

"வந்துட்டாரு. நீ கவலப்படாத." அக்கா உள்ளங்கையை நீட்டினாள். சாவி. "மத்தியானம் மட்டும் ரெண்டு வாய் கஞ்சி குடுத்துடு. உன் கையாலதான் வேணுங்கறாரு."

வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அன்று இரவு மகள் பேக்கிங் கம்பெனியிலிருந்து வந்து விழுந்து தூங்கிப்போனாள். நகரத்திலேயே தங்கி வேலை பார்க்கும் புருஷனுக்குப் போன் போட்டு, அவன் எடுத்ததும் ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். எதிர்வீட்டில் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிர்வீட்டுப் பூட்டைத் திறந்தாள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே சன்னலுக்குக் கெட்டியான துணி போட்டிருந்தது. சுண்ணாம்பும் நனைந்த செங்கல்லும் சேர்ந்து நாறும் ஒரு காற்று தொண்டைவரை வந்து அடைத்தது. பெருக்கித் துடைத்த தரைதான், ஆனாலும் வைத்த அடியெல்லாம் நறநறத்தது.

கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அண்ணே..."

தலை திரும்பியது. தலை மட்டும்.

முகமெல்லாம் வெள்ளைத் தூசி. இமை மயிரிலும். அதற்குள் இருந்த கண்கள் இரண்டும் அவளைப் பார்த்தன. கோபம் இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டு, இவள் வந்ததும் பார்ப்பாரே, அதே பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் ஓடியிருப்பாள்.

உட்கார்ந்தாள். கரண்டியில் கஞ்சி எடுத்தாள். அவர் வாயைத் திறந்தார். ஊட்டினாள். விழுங்கும்போது ஜல்லி உரசுவதுபோல் ஒரு சத்தம்.

"நீங்க இருமினது எனக்குக் கேட்டுச்சுண்ணே," என்றாள். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாதது. "கேட்டுச்சு. கேட்டுட்டுதான் சொன்னேன்."

மீண்டும் வாயைத் திறந்தார்.

இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நாலாவது.

முழங்காலில் ஏதோ ஈரம். குனிந்து பார்த்தாள். கஞ்சி. போர்வைக்கு அடியிலிருந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. அவர் விழுங்க விழுங்க.

துடைக்கலாம் என்றுதான் போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

மார்பு வரைக்கும் அவர் இருந்தார். அதற்குக் கீழே பாயோடு பாயாக, விரல் கனம்கூட இல்லாமல், சட்டையும் வேட்டியும் எலும்பும் ஒன்றாக நசுங்கி விரிந்திருந்தன. அதன் நடுவில் வெள்ளைக் கஞ்சி தேங்கி, ஓரங்களில் வழிந்துகொண்டிருந்தது.

போர்வை கையிலிருந்து நழுவியது.

எழுந்திருக்க முடியவில்லை.

அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

தையல்காரி கரண்டியைக் கிண்ணத்தில் முக்கினாள்.