பூட்டாத வீடு

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: அடைக்கலமேரி, அவள் கணவன் கஸ்பார், கஸ்பாரின் தம்பி இன்னாசி, இன்னாசியின் மனைவி பிலோமினா, அண்ணன் தம்பி இருவரையும் பெற்ற ஞானம்மா. வாசலில், செருப்பைக் கழற்றாமல், மேரியின் மகள் ஜெசிந்தா.

இருந்த ஒரே நாற்காலியில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேரி டீ போட்டாள். ராயபுரத்தில் இருக்கும் புருஷன் வீட்டார் இப்படி மொத்தமாக இந்த வீட்டுக்கு வந்ததே கிடையாது. சாம்பல் பறக்கிறது, தண்ணீர் உப்பு, பஸ் இல்லை என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பட்டா கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக இன்று அதிகாரிகள் வருகிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் குடும்பமே கிளம்பி வந்திருக்கிறது என்று நினைத்தாள். இருந்த பால் முழுவதையும் ஊற்றிக் கெட்டியாகவே போட்டாள்.

"உள்ள வாடி ஜெசி... இன்னா வெளியவே நின்னுகினு கீற?"

"இருக்கட்டும்."

மகள் அம்மாவிடம் ஒற்றை வார்த்தைதான் பேசுவாள். பழகிவிட்டது என்று மேரி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இன்னாசி பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். இரண்டு சாவியும் ஒரு வளையத்தில் அதிலேயே தொங்கின.

"இன்னாது தம்பி, பூட்டு?"

"வூட்டுக்குத்தான் அண்ணி."

மேரி சிரித்துவிட்டாள். "சாம்பமேட்டுல பூட்டா? எதுத்த வூட்டு சாபிரா கேட்டா வுழுந்து வுழுந்து சிரிப்பா!"

வள்ளூர்ப் பக்கம், கழிமுகத்து ஓரம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் போகும் தடத்தில், முள்ளும் உப்பும் மட்டும் இருந்த புறம்போக்கு, இந்தச் சாம்பல்மேடு. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வந்து ஆளுக்கொரு துண்டைத் திருத்திக் குடியேறினார்கள். முதல் தடவை கணக்கெடுக்க வந்தவர்கள், பூட்டிக் கிடந்த வீடுகளை ஆளில்லாத வீடு என்று அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது உள்ளே வேறு குடும்பம் சோறு வடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மேட்டில் எவரும் கதவைப் பூட்டுவதில்லை. பகலில் வெளியே போனால் பக்கத்து வீட்டுப் பெண் வந்து வாசலில் உட்காருவாள். ராத்திரி சொந்த ஆள் தங்கியாக வேண்டும்.

இந்த வீட்டில் அந்த ஆள் மேரி. கஸ்பார் காசிமேட்டில் படகுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை வருவான், குழம்பு சாப்பிடுவான், போவான். முள்ளை வெட்டியது அவள். இடிபாடு ஏற்றிப்போன லாரிகளை மறித்துக் கெஞ்சிப் பள்ளத்தை மேடாக்கியது அவள். ஜெசிந்தாவுக்குச் சின்ன வயதில் சாம்பலால் மூச்சிழுப்பு வந்தது. பிள்ளையை ராயபுரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு மேரி மட்டும் திரும்பி வந்தாள். அப்பா செத்தபோது பழவேற்காட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தாள். கல்லறை வரை போகவில்லை. கஸ்பார் கடலில் இருந்தான், பொழுது சாய்ந்தால் வீட்டில் ஆளில்லை. எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தபோது படகில் வந்து கூப்பிட்டார்கள். கூரைமேல் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாள். பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் படகு போயிற்று.

இங்கே பட்டாவைப் பெண் பேரில் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. தன் பேரில் வாங்கி மகளுக்கு எழுதிவிட வேண்டும் என்பதுதான் மேரியின் கணக்கு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, மகளிடம்கூட. சொன்னால் தட்டிப்போய்விடும் என்று பயம்.

ஞானம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேரி, நா சுத்தி வளைக்க மாட்டேன். ஆபீசருங்க வந்தா வூட்டுக்காரி பிலோமினான்னு சொல்லணும். நீ அவளுக்கு ஓரகத்தி, ஒத்தாசைக்கு வந்து தங்கிகீறன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"இன்னா அத்தே... வெளாட்டா?"

"போட்டோவே எடுத்தாச்சு அண்ணி," என்றான் இன்னாசி. "போன தபா வந்தாங்களே, அப்பவே. பிலோவ வாசல்ல நிக்க வச்சு எடுத்துக்கினு போய்ட்டாங்க. பேரும் அவ பேருதான். இன்னிக்கு அக்கம்பக்கத்துல கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிடும்."

மேரி கஸ்பாரைப் பார்த்தாள். அவன் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன தடவை... அன்று அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். 'ஜெசிக்கு ஜுரம், தூக்கித் தூக்கிப் போடுது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. நீ போ, வூட்ட நா பாத்துக்கறேன்' என்றான். கட்டிய புடவையோடு ஓடினாள். ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தேடினாள். பொழுது சாய்ந்து ராயபுரம் வீட்டுக்குப் போனால், ஜெசிந்தா வேலை முடிந்து தலையில் பூவோடு வந்துகொண்டிருந்தாள். மேரிக்கு அது போதுமாக இருந்தது. எதற்கு வந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. மாதா கோயிலில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாள். யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றான் கஸ்பார். அதிகாரிகள் வந்தபோது நீ இல்லையே என்று பிலோவைச் சும்மா நிற்க வைத்தேன், பேர் உன் பேர்தான் என்றான். நம்பினாள்.

"ஏன்யா?" என்றாள் இப்போது.

பதில் ஞானம்மாவிடமிருந்து வந்தது. "அவன இன்னாத்துக்குக் கேக்கற? நாந்தான் சொன்னேன். உன்னுது பொட்டப்புள்ள. நாளைக்கு எவனையோ கட்டிக்கினு போவும், நெலமும் கூடவே போய்டும். பிலோவுக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்க. நெலம் எங்க ரத்தத்துல நிக்கட்டும்."

"ஜெசி யாரு ரத்தம் அத்தே?"

ஞானம்மா டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா அழுதுச்சு மேரி..." என்றான் கஸ்பார். "நா இன்னா பண்ணுவேன்? நீ ராயபுரத்துக்கே வந்துடு. நா பாத்துக்கறேன்..."

"நீ பாத்துக்கறேன்னு சொல்லித்தான்யா அன்னிக்கு வூட்ட வுட்டுட்டுப் போனேன்!" மேரி அவன் முன்னால் போய் நின்றாள். "பெத்த புள்ளைக்கு ஜுரம்னு எப்பிடிய்யா வாய் வந்துச்சு உனக்கு? வேற பொய்யே கெடைக்கலையா? ஆஸ்பத்திரில ஒவ்வொரு பெட்டா போர்வைய வெலக்கிப் பாத்தேன்யா... பாவி..."

பிலோமினா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். "அக்கா... எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லணும்னு பஸ்ல வரும்போது பூரா நெனச்சுக்கினே வந்தேன். தெரியும்கா. தெரிஞ்சுதான் நின்னேன்."

"டீயக் குடி, ஆறிடப்போவுது," என்றாள் மேரி.

வாசலில் செருப்புக் கழலும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஜுரம்னு சொன்னாங்களா?" ஜெசிந்தா உள்ளே வந்திருந்தாள். "அதுக்காம்மா அன்னிக்கு ஓடியாந்த?"

"வுடுடி."

"ஆயா நா சின்னப் புள்ளயா இருந்ததுலருந்து சொல்லிக்கினே கீது. உங்கம்மாவுக்கு உன்னவிட மண்ணுதான் பெருசு, அதான் உன்ன இங்க தள்ளிட்டு அங்க கெடக்கறான்னு. நானும் அப்பிடியே நம்பிட்டேன். தாத்தா கல்லறைக்கு நீ போவல. வெள்ளத்துல கூரைய வுட்டு எறங்கல. எனக்கு ஜுரம்னதும்..." தகப்பன் பக்கம் திரும்பினாள். "நைனா, உனக்குத் தெரியும் இல்ல? வேற எந்தப் பொய் சொன்னாலும் அம்மா இந்த வூட்ட வுட்டு நவுந்திருக்காது. அது தெரிஞ்சுதான அத சொன்ன?"

கஸ்பார் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். அது உண்மை. அவளைக் கிளப்ப உலகத்தில் ஒரே ஒரு பொய்தான் இருந்தது. அதை அவன் யோசித்துத் தேடக்கூட இல்லை.

ஜெசிந்தா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக அவளை ராயபுரத்தில் விட்டுவந்ததற்குப் பிறகு மேரியை அவள் தொட்டதே இல்லை. மேரியின் கைகள் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. பிறகு மகள் முதுகைப் பற்றிக்கொண்டன.

"உனக்குன்னுதான்டி இந்த மண்ணு..."

"எனக்கு வேணாம்மா. நீ வா. திருவொத்தியூர்ல நா வேல பாக்கற கடைக்கு மேல ஒரு ரூம் காலி கீது. ரெண்டு பேர் படுக்கலாம். வந்துடும்மா."

வெளியிலிருந்து சாபிரா கத்தினாள். "மேரி! ஆபீசருங்க தெருமுனைல எறங்கிட்டாங்க! எல்லாரையும் வெளிய வந்து நிக்கச் சொல்றாங்க!"

ஞானம்மா எழுந்தாள். "அழுது முடிச்சாச்சா? மொகத்தத் தொட. சொன்னது ஞாபகம் கீதுல்ல?"

"கீது அத்தே," என்றாள் மேரி.

அடுப்பை அணைத்தாள். சுவரிலிருந்த மாதா படத்தை எடுத்து, துடைத்து, பையில் வைத்தாள். இரண்டு புடவை. பூட்டையும் எடுத்துக்கொண்டாள். "எல்லாரும் வெளிய வாங்க," என்றாள். வந்தார்கள். பணிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். பிலோமினா மட்டும் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். வாசலில் நிற்கச் சொல்லி இன்னாசி கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

கடைசியாக வெளியே வந்த மேரி கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைக் கொண்டியில் மாட்டினாள்.

கஸ்பாருக்குப் புரிந்துவிட்டது. "ஏய்! இன்னா பண்ற? பூட்டாத மேரி! பூட்டிகீற வூட்டுக்கு ஒண்ணும் கெடையாது! ஆபீசருங்க போனப்பறம் என்ன செருப்பால அடி, வாங்கிக்கறேன்... பூட்டாத!"

"நா இங்க ஒத்தாசைக்கு வந்தவதான? ஒத்தாச முடிஞ்சிடுச்சு."

"சாவியக் குட்த்துட்டுப் போடி!" என்றாள் ஞானம்மா.

"வூட்டுக்காரிகிட்ட இல்லாத சாவியா அத்தே?"

இன்னாசி முன்னால் வந்தான். எதிர்ப்பக்கம் சாபிரா தன் வாசலை விட்டு இறங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். இன்னாசி நின்ற இடத்திலேயே நின்றான். தெரு திரும்பி, கையில் காகிதங்களோடு அதிகாரிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

மேரி சாவி இரண்டையும் உருவி மகள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு, அந்த வீட்டுக் கதவு அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தோடு, பூட்டை அழுத்தினாள்.