பதினொரு பாராட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது சிந்துஜாவின் கைப்பேசியில் தெய்வசிகாமணி எழுதிய பாராட்டுகள் பதினொன்று சேர்ந்திருந்தன. பதினொன்றையும் அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். கொங்கு வான்குழுவில் வேறு யார் பாராட்டினாலும் அது மரியாதைக்காக. தெய்வசிகாமணி பாராட்டினால் அது சான்றிதழ். முப்பத்து நான்கு ஆண்டுகள் விமானப் பழுதுபார்ப்புப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், உடுமலைக்காரர், வாயைத் திறந்தால் குறைதான் வரும்.

சிந்துஜாவுக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரில் பல் மருத்துவர். நான்கு ஆண்டுகளாக, நோயாளிகள் இல்லாத நேரமெல்லாம், ஒரு சிறகியைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தாள். சிறகி என்பது இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம். உதிரிப் பெட்டி வீட்டுக்கே வந்துவிடும், கட்டுவது அவரவர் சாமர்த்தியம். கொங்கு வட்டாரத்தில் அப்படிக் கட்டியவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் ஆயிரத்து நானூறு பேர் வான்குழுவில் இருந்தார்கள். சிந்துஜாவின் சிறகி அன்று காலை முதல் முறையாக மேலே போக வேண்டும்.

இந்த இடத்தில் இதமாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பறக்கிறவர்களுக்குச் சண்டை போடக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. இறக்கை தலைக்கு மேலே இருக்க வேண்டுமா, காலுக்குக் கீழே இருக்க வேண்டுமா என்று தொடங்கிய ஒரு விவாதத்தில் குழு மூன்றாக உடைந்து, ஆறு மாதம் கழித்து ஒட்டியது. ஒட்டிய கையோடு சிந்துஜா தன் முதல் இறக்கைச் சட்டத்தைப் படம் எடுத்துப் போட்டாள். தெய்வசிகாமணி ஒரே வரி எழுதினார்: "இது இறக்கைச் சட்டமா, முறுக்கு பிழியற அச்சா?" எழுநூறு பேர் சிரித்தார்கள். சிந்துஜா குழுவை விட்டே போய்விட்டாள்.

குழுவை நடத்திவந்த ஜெயசீலனுக்கு அது தாங்கவில்லை. கோவையில் பள்ளி ஆசிரியராக இருப்பவர், சத்தம் போட்டுப் பேசினாலே முகம் வாடிவிடுகிற ஆள். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த இதமாக்கியை அவர் வாங்கிக் குழுவில் பொருத்தினார். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே உட்காரும் கருவி அது. யாருக்கு எந்தச் சொல் உறைக்கும் என்று கற்றுவைத்திருக்கும். எழுதியதை வாங்கி, உறைப்பை எடுத்துவிட்டு, செய்தி மாறாமல் இதமாக்கி மறுபக்கம் கொடுக்கும். எழுதியவர் திரையில் அவர் எழுதியது அப்படியே இருக்கும். படிப்பவருக்கு மட்டும் பதமானது போய்ச் சேரும். யார் மனமும் நோகாது. சிந்துஜா திரும்பி வந்தாள்.

அதற்கேற்ற நாகரிகமும் வளர்ந்தது. அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. ஓடுபாதையில் கூடும்போது எல்லாரும் கைப்பேசியைக் கவிழ்த்துதான் வைப்பார்கள். நேரில் கருத்து வேறுபாடு முளைத்தால், "குழுவில எழுதறனுங்க" என்று சொல்லி எழுந்துபோவதுதான் பண்பு. நான்கு ஆண்டுகளில் ஒரு புகாரும் இல்லை. அந்தப் பூஜ்யத்தை ஜெயசீலன் குழுவின் முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருந்தார்.

பழைய வழக்கம் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. அதற்குக் குறை கேட்பு என்று பெயர். புதுச் சிறகி பறப்பதற்கு ஏழு நாள் முன்பு, மூடிகளைக் கழற்றி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். எல்லாரும் குறை சொல்லலாம். கட்டியவன் கண்ணுக்குத் தன் தவறு தெரியாது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சிந்துஜாவும் போட்டாள். ஒரு படத்தில் அவள் ஓட்டுநர் இருக்கையில் சிரித்தபடி உட்கார்ந்து, சிறகியைச் சாய்த்துத் திருப்பும் கைக்கோலை இடது பக்கம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

உடுமலையில் காப்பி குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்த தெய்வசிகாமணிக்குக் காப்பி இறங்கவில்லை. இறக்கையின் ஓரத்தில் சாய்மடல் என்று ஒன்று உண்டு. சிறகியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ப்பது அதுதான். கைக்கோலை இடது பக்கம் தள்ளினால் இடது மடல் மேலே எழ வேண்டும். படத்தில் அது கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மடலை அசைக்கும் இழுகம்பிகளை இடம் வலம் மாற்றிக் கட்டியிருக்கிறாள். தரையில் இதனால் ஒன்றும் ஆகாது, மடல் தாராளமாக அசையும். மேலே போனதும் ஓட்டுபவர் இடது பக்கம் தள்ள, சிறகி வலது பக்கம் சாயும். பதறி இன்னும் தள்ளுவார். இன்னும் சாயும். பத்து விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

அவர் உடனே எழுதினார். அவள் நன்றி சொன்னாள், ஞாயிறு பறக்கிறேன் என்றாள். என்ன பிடிவாதம் என்று மறுபடி எழுதினார். மறுபடி நன்றி. கோபம் ஏற ஏற அவர் எழுத்தில் திட்டு கூடியது. திட்டு கூடக் கூட இதமாக்கிக்கு வேலை கூடியது. வெள்ளிக்கிழமை ஜெயசீலனுக்கே எழுதி, அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். "ஞாயிறு காலை நேரிலேயே வாங்கண்ணா, எல்லாரும் சந்தோஷப்படுவாங்க" என்று பதில் வந்தது. சனிக்கிழமை மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே அழைப்பு.

ஞாயிறு காலை ஆறரைக்கு தெய்வசிகாமணி தன் சிறகியில் ஏறினார்.

பல்லடத்துக்குத் தெற்கே, மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்த ஓடுபாதை. வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. சிந்துஜா தலைக்கவசம் மாட்டி, இருக்கைப் பட்டையை இறுக்கியிருந்தாள். ஜெயசீலன் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"மடல்லாம் தடையில்லாம அசையுதுங்களா?"

"அசையுதுங்க."

அப்போது தெற்கேயிருந்து ஒரு மஞ்சள் சிறகி வந்து, பாதையை ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் நேராக இறங்கி, சிந்துஜாவின் சிறகிக்கு முன்னால் குறுக்கே நின்றது. இதுவே பெரிய நாகரிகக் குறைவு. தெய்வசிகாமணி குதித்து இறங்கி, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அறுபத்தெட்டு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"இறங்கு அம்மிணி! கீழ இறங்கு மொதல்ல! அறிவிருக்குதா உனக்கு? பதினோரு வாட்டி எழுதியும் ஏறி உக்காந்திருக்கறயே!"

சிந்துஜாவுக்கு முகம் வெளிறிவிட்டது. நான்கு ஆண்டுகளாக அவளிடம் யாரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"சார், நீங்கதானே பதினோரு தடவ நல்லாருக்குன்னு எழுதுனீங்க?"

"நானா? நல்லாருக்குன்னா?" அவர் மூச்சு வாங்கினார். "கோலை இடது பக்கம் தள்ளு. தள்ளிப்போட்டு இறக்கையப் பாரு. அதுக்கப்புறம் என்னைய என்ன வேணாலும் சொல்லு."

தள்ளினாள். திரும்பிப் பார்த்தாள். இடது மடல் கீழே போனது. வலது பக்கம் தள்ளினாள். இடது மடல் மேலே வந்தது. கம்பி கட்டிய நாளிலிருந்து நூறு முறை அசைத்துப் பார்த்திருக்கிறாள். அசைகிறதா என்றுதான் பார்த்தாள், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை. அவள் என்ஜின் சாவியைப் பிடுங்கி எடுத்தாள். இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஜெயசீலன் தண்ணீர் எடுத்து வந்தார்.

முதல் விதியை முதலில் மீறியவர் தெய்வசிகாமணிதான். தன் கைப்பேசியை அவள் மடியில் வைத்தார்.

"படியுங்க. நான் எழுதுனது இதுதான்."

கோபம் இறங்கியதும் அவருக்கு மரியாதை திரும்பியிருந்தது. சிந்துஜா படித்தாள். "இடது பக்கம் தள்ளுனா இடது மடல் மேல போவணும். உங்களுது கீழ தொங்குது. கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" அதே நாள், அதே நேரம் அவளுக்கு வந்தது இது: "இடது வலது குறித்த உங்கள் அணுகுமுறை புதுமையானது. எங்கள் கண்களை அங்கேயே நிறுத்திவிட்டது." கடைசியாக அவர் எழுதியது: "ஏறுனீங்கன்னா பொணமாத்தான் இறக்குவாங்க." அவளுக்கு வந்தது: "நீங்கள் ஏறும் நாளையும் இறங்கும் காட்சியையும் யாராலும் மறக்க முடியாது."

ஜெயசீலன் தன் கைப்பேசியைத் திருப்பி, வெள்ளிக்கிழமை தனக்கு வந்ததைக் காட்டினார். "சிந்துஜாவின் துணிச்சல் என்னைத் தூங்கவிடவில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசக் கிடைத்தால் நிம்மதி."

"செய்தி ஒண்ணும் மாறலீங்களே" என்றார் ஜெயசீலன், தனக்குத் தானே சொல்வது போல. "எல்லாமே இதுக்குள்ள இருக்குதே."

"இருக்குது. உறைக்கலயே" என்றார் தெய்வசிகாமணி.

தன் சொற்கள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கின்றன என்று முழுதும் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆத்திரம். சிந்துஜாவின் கைப்பேசியை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனார். சிந்துஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திரையில் அவருக்கு அவள் எழுதியதும் இருக்கிறது. எழுதியபடியே இருக்கிறது.

"சார், அதப் படிக்காதீங்க. ப்ளீஸ்."

அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். எப்படி எழுதினாலும் இனிப்பாகத்தானே போய்ச் சேரும் என்ற தைரியத்தில் நான்கு வருடமாக எழுதியவை. முறுக்கு அச்சை அவள் மறக்கவே இல்லை. உடுமலைச் சிடுமூஞ்சி. வாயில ஒரு பல்லு விடாம புடுங்கினாத்தான் இந்தாளு அடங்குவாரு. அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நேரில் இதில் ஒரு சொல்லைக்கூட அவள் சொல்லியிருக்கமாட்டாள். முன்பெல்லாம் எழுதியதை இரண்டு முறை படித்து, கடுமையாக இருந்தால் அழித்துவிட்டு அனுப்புகிற பெண் அவள். அந்தப் பழக்கம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

தெய்வசிகாமணியின் விரல் ஓரிடத்தில் நின்றது. மூன்று வாரத்துக்கு முன்பு, தன் சிறகியின் எரிபொருள் தொட்டிக்குப் புதிதாகக் கடைந்து போட்ட பித்தளை மூடியை அவர் படம் எடுத்துப் போட்டிருந்தார். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. சிந்துஜாவிடமிருந்து அவருக்கு வந்த பதில் நன்றாக நினைவிருந்தது: "மூச்சே நின்றுவிடும் அழகு, சார்!"

அவள் எழுதியது இது: "மூடியில காத்துத் துளையே காணோம். பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்து போகலைன்னா தொட்டிக்கு மூச்சு முட்டி நடுவானத்துல என்ஜின் நின்னுரும். இது தெரியாத இந்த மேதைதான் எங்களுக்குப் பாடம் எடுக்கறாரு."

அவர் கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் சிறகியை நோக்கி நடந்தார். மூடியைக் கடைந்த அன்று துளையை அப்புறம் போடலாம் என்று வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த மூடியோடு அன்றுதான் முதல் முறை பறந்திருந்தார்; வருகிற வழியில் என்ஜின் இரண்டு முறை இருமியதும் நினைவுக்கு வந்தது. காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். அவர் பித்தளை மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். அசையவில்லை. இன்னொரு முறை பலம் கொடுத்துத் திருகினார். தொட்டிக்குள் காற்று நுழையும் சத்தம், ஸ்ஸ்ஸென்று, வெகுநேரம் கேட்டது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பறந்திருந்தா போயிருப்பனுங்க" என்றார் தெய்வசிகாமணி. பிறகு சிந்துஜாவைப் பார்த்து, "அந்த முறுக்கு அச்சுன்னு சொன்னது தப்புங்க அம்மிணி. சட்டம் கோணலா இருந்தது நெசம். ஆனா அப்படிச் சொல்லியிருக்கப்படாது" என்றார்.

"கோணல்தாங்க சார்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரமே பிரிச்சு மாத்திட்டேன்."

ஜெயசீலன் இதைக் கேட்கவில்லை. அவர் ஆயிரத்து நானூறு பேரை நினைத்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளில் எத்தனை மூடி, எத்தனை கம்பி, எத்தனை பாராட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வேறு, பாதிப் பேர் பறக்கிற நேரம். இதமாக்கியை உடனே நிறுத்தவும் வழியில்லை. யாராவது ஒரு கோபக்காரர் அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாதே என்று, அதற்கு முழுக் குழுவின் வாக்கும் ஏழு நாள் அவகாசமும் வேண்டும் என விதி எழுதியவர் அவரேதான். ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல நேரமும் இல்லை. எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வாழ்க்கையில் முதல் முறையாக ஜெயசீலன் கோபமாக எழுதினார். "எவனும் பறக்காதீங்க. மேல இருக்கறவன் உடனே இறங்குங்க. உங்களுக்கு வந்த பாராட்டு எல்லாம் பொய். ஒவ்வொண்ணும் எச்சரிக்கை. செத்துப்போவீங்க, முட்டாள்களா!" அனுப்பிவிட்டு, திரையை மூவரும் பார்க்கும்படி நீட்டினார்.

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. காங்கயத்திலிருந்து பொன்னுரங்கம் என்கிற உறுப்பினரின் பதில் முதலில் வந்தது.

"மனதைத் தொடும் பதிவு, ஜெயசீலன். இப்போது மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறேன். இறங்கியதும் நிதானமாகப் படிக்கிறேன்."