"யாருடா உள்ள?"

ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், கேட்டால் ராக்கெட்டுக்கு ஆணியும் செய்து கொடுப்பார்கள். ஆனால் பெற்ற தாயைப் பார்த்து "வெளிய போ!" என்று கத்துகிற வீட்டை உலகத்திலேயே முதலில் செய்து காட்டியவன் மரகதத்தின் மகன் மோகன்தான். அது கத்திய கத்தலில் வல்லக்கோட்டை முருகனின் மயில் ஒரு தோகையை உதிர்த்துவிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அன்று காலை ஏழு மணி. மருமகள் சசிரேகா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே பொரிந்தாள்.

"இன்னா அத்தை இது? நேத்து ஊற வச்ச துணி அப்டியே கீது. ஒரு டம்ளர் கூட கழுவல. நாள் பூரா அந்த நாற்காலியிலயே உக்காந்துகினு இன்னாதான் பண்றீங்க?"

"பயமா கீதும்மா..."

"மறுபடியும் அதே கதையா? உங்க புள்ள சுவத்துக்குள்ளருந்து உங்கள 'வெளிய போ'ன்றாரு, அதானே! அவரு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு அஞ்சரைக்கே போயிட்டாரு அத்தை! நாளைக்கு ஜோதி அண்ணி மணிமங்கலத்துலருந்து வர்றாங்க. மக வூட்ல இருந்துகினு டாக்டரைப் பாருங்க... எனக்கே பயமா கீது உங்களப் பார்த்தா!"

மரகதத்தின் கண்கள் குளமாயின. புருஷன் போன பிறகு இதே வீட்டில் பிள்ளையை வளர்த்தவள். அவனை ஐ.டி.ஐ. படிக்க வைக்கக் கம்பெனி கேன்டீனில் பதினாறு வருஷம் தோசைக்கல் முன்னால் நின்றவள். அவள் சுட்ட தோசைகளை வரிசையாகப் போட்டால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை நடந்தே போகலாம். முட்டி தேய்ந்த அம்மா சுவிட்சுக்காக எழுந்திருக்கக் கூடாதென்றுதான் மோகன் யூடியூப் பார்த்துப் பார்த்து, இரண்டு வாரம் முன்பு வீட்டைத் தானாக இயங்க வைத்திருந்தான். மூலையில் திருடனுக்காக ஒரு வெள்ளைப் பெட்டி வேறு.

அவனிடமே கேட்டிருக்கலாம்தான். ஆனால், 'ஆமாம்மா, நான்தான் சொன்னேன்' என்று அவன் சொல்லிவிட்டால்...? அந்தப் பயம் பெட்டியைவிடப் பெரியதாக இருந்தது.

சசிரேகா போனாள். ஐந்து நிமிஷத்தில் ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. மரகதம் மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சசிரேகா! பையை பஸ் சீட்டில் போட்டுவிட்டு, மறந்த ஐ.டி. கார்டுக்காக ஓடி வந்தவள். தெருமுனையில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. பை, போன் எல்லாம் அதோடு போயின.

"ஐயோ, பஸ்ஸு..." என்று அவள் திரும்பியதுதான் தாமதம்.

"யாருடா உள்ள? வெளிய போ! போ வெளிய!"

மோகனின் குரல்! பின்னாலேயே காதைக் கிழிக்கும் சைரன். சசிரேகா பாய்ந்து வந்து மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அசையாத கண்ணு... அசைஞ்சா மறுபடி கத்தும்."

"அத்தை... இதுவா... தெனமுமா?"

"தெனமும்தான்."

"எழுந்திருங்க அத்தை, வெளிய ஓடிடலாம்!"

"நான் வரலம்மா. அவன் போன்னு சொல்லி நான் வாசப்படி தாண்டிட்டா... அப்புறம் இது என் வூடு இல்லியே!"

சசிரேகா ஓடியிருக்கலாம். ஓடவில்லை. புழுக்கத்தில், தாகத்தில், மாமியாரின் விரல்களைப் பிடித்தபடி மதியம் மூன்று மணி வரை சிலையாக உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் முந்தானையைக் கடித்தாள். மகாபலிபுரத்துச் சிற்பங்கள்கூட அன்று அவர்களைவிட அதிகம் அசைந்திருக்கும்!

மூன்று மணிக்கு ஃபேன் தானாகச் சுற்றியது. விளக்கு எரிந்தது. மோகன் உள்ளே வந்தான்.

"இன்னா ரெண்டு பேரும் இப்டி...? இன்னிக்கும் பல்லி ரொம்ப ஆடிச்சு போல. லாக்கர்லருந்து போன எடுத்தா எட்டு மெசேஜ், வூட்ல ஆள் நடமாட்டம்னு!"

"பல்லியா?" சசிரேகா வெடித்தாள். "உங்கம்மாய்யா அது! உங்க குரல்ல 'வெளிய போ'ன்னு கத்துதே, அது இன்னா?"

"திருடனுக்குன்னு நான்தான் பேசி வச்சேன்... வூட்ல ஆள் இருந்தா அது கத்தாதுல்ல! நம்ம போன் வூட்ல இருந்தா ஆள் கீதுன்னு அதுக்குத் தெரியும்; இல்லன்னா ஃபேன், லைட்ட நிறுத்திட்டு காவலுக்கு நிக்கும். உன்னுது, என்னுது, ரெண்டுத்தையும் சேத்துட்டேனே..."

"அத்தைக்கு ஏதுய்யா போன்? என்னுது உடைஞ்சப்ப அவங்க போனைத்தானே எனக்குக் குடுத்தாங்க!"

மோகனின் முகம் வெளுத்தது.

மரகதம் மெல்லக் கேட்டாள்: "அப்போ... இந்த வூட்டு ஆளுங்க கணக்குல நான் இல்லியாப்பா?"

"அம்மா!" அவள் மடியில் முகம் புதைத்துக் கதறினான். "உனக்காகத்தாம்மா எல்லாம் பண்ணேன்... உன்னையே விட்டுட்டேனே!"

"நீ என்னைப் போகச் சொல்லலியே... அது போதும்டா எனக்கு."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஜோதி. சசிரேகாதான் எடுத்தாள். மறுமுனையில், அம்மாவின் துணிமணியை எடுத்து வைத்தாயிற்றா என்ற கேள்வி.

சசிரேகா மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"வேணாம் அண்ணி... அத்தைக்கு ஒண்ணும் இல்ல. அவங்க சொன்னது அத்தனையும் நெசம். நான்தான் நம்பல. இன்னிக்கு நானும் பக்கத்துல உக்காந்துகினு கேட்டேன்... நடந்துச்சு அண்ணி!"